சந்தனம் வைக்காத கேமரா

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு வந்த ரெஸ்பான்ஸைப் பார்த்து நான் டரியல் ஆகிட்டேன் மக்களே! ‘எங்க மெஸ் சாம்பார் உனக்கு எப்படித் தெரியும்?’னு ஏழு காலேஜ்லேர்ந்து கேட்டிருக்காங்க. எல்லா காலேஜுக்கும் ஒரே அண்டாவுலேர்ந்துதான் ஊத்துறாங்க போல. சரி, அதை விடுங்க. இந்த வாரம் வேற மேட்டர்.

எங்க கிளாஸ்ல ஒரு நண்பன். லீவு நாள்ல கல்யாண மண்டபங்கள்ல பந்தி பரிமாறி, இலைக்கு வடை வெச்சு, பாயசம் ஊத்தி, 35,000 ரூபாய் சேர்த்து வெச்சிருக்கான். ‘‘மச்சான், தினமும் எடுக்கிற மாதிரி எந்த கேமரா வாங்கலாம்? நீ பத்திரிகையில இருக்கே, உனக்குத் தெரியாததா?’’னு கேட்டான். பத்திரிகையில இன்டர்ன்னு சொன்னாலே கழுத்துல கேமரா தொங்கும்னு நினைச்சுக்கிறாங்க. எனக்குத் தொங்கறதெல்லாம் ரெண்டு அரியர்தான். ஆனா, தெரியாதுன்னு சொன்னா கெத்து என்ன ஆகிறது? ‘‘விசாரிச்சு சொல்றேன்டா’’னு பீலா விட்டுட்டு, நிஜமாவே விசாரிக்கக் கிளம்பிட்டேன்.

முதல்ல போனது கள்ளக்குறிச்சியில எங்க குடும்பத்துக்கே போட்டோ எடுக்கிற ஸ்டூடியோ அண்ணன்கிட்ட. என் மொட்டை, காதுகுத்து, அக்கா கல்யாணம், பத்தாவது ஹால் டிக்கெட் போட்டோன்னு எங்க வீட்டு சரித்திரமே அவர் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. நான் போன அன்னிக்கு ஆயுத பூஜை. பேக்டிராப் திரைக்கு முன்னாடி மேஜை போட்டு, பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் ரெடி. மேஜை மேல வரிசையா அஞ்சு கேமரா. ஒவ்வொண்ணுக்கும் துடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு... மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி உட்கார்ந்திருந்தாங்க.

முதல் ஆள், ஆக்ஃபா கிளிக் 3. இவர் அப்பாவோடது. நம்ம நாட்டுலயே தயாரானது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். வெயிலா, மேகமான்னு ஒரு சின்ன தள்ளு, அவ்வளவுதான் செட்டிங்ஸ். ரெண்டாவது, யாஷிகா ரெட்டை லென்ஸ். இதுலயும் ஒரு ரோலுக்கு 12 தான். மேலேர்ந்து குனிஞ்சு பார்த்து எடுக்கணும், தெரியற படம் இடம் வலமா மாறித் தெரியும். ‘‘எங்கப்பா குனிஞ்சுக்கிட்டு எடுப்பாரா, எதிர்ல நிக்கிறவங்களுக்குக் கூச்சமே இருக்காது. யாரும் தங்களை முறைச்சுப் பார்க்கலைல்ல!’’ன்னார். மூணாவது, நிக்கான் எஃப்.எம்.10. ஒரு ரோலுக்கு 36 படம். பேட்டரி செத்தாலும் லைட் மீட்டர்தான் போகும், ஷட்டர் பாட்டுக்கு வேலை செய்யும். நாலாவது, 2008ல வந்த கேனான் 5டி மார்க் 2. அஞ்சாவது, 2018ல வந்த சோனி ஏ7 3. இப்போ கல்யாண ஆர்டர் எல்லாம் இதுலதான்.

‘‘அண்ணே, இதுல தினமும் கை போறது எதுமேல?’’னு கேட்டேன். உடனே சோனியைக் காட்டினார். ‘‘இல்லண்ணே, ஆர்டருக்கு இல்ல. சும்மா, டெய்லி?’’ கொஞ்சம் யோசிச்சார். யாஷிகாவை எடுத்துத் தடவினார். ‘‘ஒரு காலத்துல இது’’ன்னார். அப்புறம் கற்பூரம் காட்டி, எல்லாரும் கும்பிட்டு முடிஞ்சதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடணும்னு பூஜையை ஒரு போட்டோ எடுத்தார். எதுல? சட்டைப் பையிலேர்ந்த செல்போன்ல!

‘‘அண்ணே... அதுக்கு சந்தனம் வைக்கலையே?’’

‘‘அட, இது போன்தானேப்பா’’ன்னு சொன்னவர், சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாயை மூடிக்கிட்டார். அஞ்சு கேமரா சந்தனத்தோட உட்கார்ந்திருக்க, அதுங்களோட குரூப் போட்டோவை எடுத்தது ஆறாவது. அப்புறம் என்ன நினைச்சாரோ, போனோட முதுகுல ஒரு சின்னப் பொட்டு வெச்சு விட்டார். லென்ஸ் மேல பட்டு, சாயங்காலம் வரைக்கும் எடுத்த படமெல்லாம் மஞ்சக் காமாலையா வந்துச்சுங்கறது தனிக் கதை.

அவர் மட்டும் இல்ல. ஒரு நாளிதழுக்கு செய்தி, படம் ரெண்டும் அனுப்புற பகுதி நேர நிருபர் ஒருத்தரைக் கேட்டேன். ‘‘மறியல், விபத்து, கலெக்டர் ஆபீஸ் மனுநீதி எல்லாம் போன்லதான் தம்பி. எடுத்த அடுத்த நிமிஷம் ஆபீஸுக்குப் போயிடணும். மேடையில தலைவர் 50 அடி தள்ளி நிக்கும்போதுதான் பெரிய கேமரா’’ன்னார். உலகக் கணக்கும் இதைத்தான் சொல்லுது. 2010ல உலகம் முழுக்க கேமரா கம்பெனிகள் அனுப்பின டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல. 2023ல அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிடுச்சு. மீதி 11 கோடிச் சொச்சம் எங்கே போச்சு? உங்க பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க.

அவ்வளவுதான், ‘போன்தான்டா மச்சான், உன் 35,000 ரூபாய்க்கு ஃபீஸ் கட்டு’ன்னு சொல்லிட்டு கட்டுரையை முடிச்சிருப்பேன். முடிக்க விடலை.

அன்னிக்கு ராத்திரி கட்டுரைக்குப் படம் தேடலாம்னு கள்ளக்குறிச்சின்னு நெட்ல அடிச்சேன். வந்ததெல்லாம் ஆம்புலன்ஸ். அழற பெண்கள். வரிசையா எரியற சிதைங்க. 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச் சாராயம் 60 பேருக்கு மேல பலி வாங்கினப்போ எடுத்த படங்கள். கொஞ்சம் கீழே போனா எரிஞ்சு நிக்கிற பஸ்கள்... 2022 ஜூலையில, ஒரு மாணவி இறந்ததுக்கு அப்புறம் சின்னசேலம் பக்கத்துல கனியாமூர்ல நடந்த கலவரம். இன்னும் கீழே போனா கூவாகம். சித்திரை மாசம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் பெரிய பெரிய லென்ஸோட வந்து, தாலி கட்டுறதையும் மறுநாள் அறுக்கிறதையும் எடுத்துட்டுப் போவாங்களே, அந்தப் படங்கள்.

இதெல்லாம் எடுக்க வேண்டிய படங்கள்தான், தப்பே சொல்லலை. கருணாபுரத்துல கேமரா போகலைன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ஆனா, 2019 நவம்பர் 26ம் தேதி தனி மாவட்டமான ஊரு இது. மரச் சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு வாங்கின ஊரு. செத்த நாளும் திருவிழா நாளும் போக மீதி 350 நாளும் இங்கே மனுஷங்க இருக்காங்க. மார்க்கெட்ல மரவள்ளிக் கிழங்கு லோடு ஏத்தறாங்க. டியூஷன் போறாங்க. அந்த 350 நாளுக்கு எந்த கேமரா? நண்பன் கேட்ட ‘டெய்லி யூஸ்’ அப்போதான் எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

மறுநாளும் லீவு. ‘‘கல்வராயன் மலைக்குப் போலாம்டா. போனையும் நிஜ கேமராவையும் மோத விட்டுப் பார்த்துடலாம்’’னு நண்பனைக் கிளப்பினேன். அவன் பெரியப்பா பையன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கிட்டு வந்தான். ‘நனைஞ்சா நீயே ஈ.எம்.ஐ. கட்டணும்’கிற ஒரே கண்டிஷனோட.

மலை ஏறுறதுக்கு முன்னாடி, மூணாம் வருஷ ஈ.சி.ஈ. படிக்கிறவன்ங்கிற முறையில கொஞ்சம் பீட்டர் விட்டுக்கிறேன். பொறுத்துக்கோங்க.

கேமராவுல முக்கியம் மெகாபிக்ஸல் இல்ல, உள்ளே இருக்கிற சென்ஸாரோட பரப்பளவு. வெளிச்சத்தை மழைன்னு வெச்சுக்கோங்க, சென்ஸார்தான் பாத்திரம். கேனான் 1500டி மாதிரி ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர்.ல பாத்திரம் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். நடுத்தர விலை போன்ல இருக்கிற ‘அரை இன்ச்’ சென்ஸார் 6.4க்கு 4.8 மில்லிமீட்டர்தான். அதாவது 11 மடங்கு சின்னது. (அரை இன்ச்னு சொல்றதே ஒரு டுபாக்கூர். மூலைக்கு மூலை அளந்தா 8 மில்லிமீட்டர்தான் வரும், அரை இன்ச்னா 12.7 வரணும். பழைய டி.வி. கேமரா டியூபோட விட்டத்தை வெச்சுச் சொன்ன கணக்கை இன்னும் மாத்தாம ஓட்டிக்கிட்டு இருக்காங்க.)

இந்தச் சின்னப் பாத்திரத்தை வெச்சுக்கிட்டு போன் எப்படி சமாளிக்குது? நீங்க பட்டனை ஒரு தடவை அமுக்கினா, அது கடகடன்னு பல படம் எடுத்து, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, சராசரி போடுது. ஒன்பது படம் சேர்த்தா புள்ளி புள்ளியா தெரியற இரைச்சல் மூணுல ஒரு பங்காக் குறையும். வர்க்கமூலக் கணக்குதான், எம்-4ல அரியர் வெச்ச எனக்கே தெரியும். ஆனா, எதிர்ல இருக்கிறவங்க அசைஞ்சா அடுக்கு கலைஞ்சுடும். இருட்டுல ஓடுற குழந்தையை எடுத்துப் பாருங்க, பேய்ப் படம் மாதிரி வரும். அங்கே பெரிய சென்ஸார்தான் ராஜா.

மெகாபிக்ஸல் பந்தாவுக்கும் ஒரு கணக்கு. ஆறுக்கு நாலு இன்ச் பிரிண்ட் போட, இன்ச்சுக்கு 300 புள்ளின்னு வெச்சாலும் 22 லட்சம் புள்ளிதான் வேணும், அதாவது 2.2 மெகாபிக்ஸல். சுவர்ல மாட்டுற 12க்கு 8க்கே 9 மெகாபிக்ஸல் இருந்தா போதும். 108, 200னு கடையில கத்துறவங்களைப் பார்த்து சிரிச்சுட்டு வந்துடுங்க. ஸ்டூடியோ அண்ணனோட புலம்பலே வேற: ‘‘படத்துல புள்ளி குறையலப்பா. வாட்ஸ்அப்ல பத்து குரூப்புல சுத்தி, கூழாகி வந்ததைக் கொண்டாந்து ‘இதைப் பெருசு பண்ணிக் குடுங்க’ன்னு அழறாங்க.’’ டாக்குமென்ட்டா அனுப்பினா அந்தச் சுருக்கல் வராது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, மலைக்கு வாங்க.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துட்டு ஏற ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துலயே காத்து மாறிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டுதான் கல்வராயன். சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன்னு ரெண்டு பகுதி. சின்னது சராசரியா 2,700 அடி, பெரியது 4,000 அடி வரைக்கும் போகும். ஊட்டி மாதிரி டூரிஸ்ட் ஸ்பாட் பில்டப் எல்லாம் கிடையாது. இங்கே இருக்கிற மலையாளி பழங்குடி மக்களுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு இன்னும் எத்தனை பேருக்கு விளக்குறதோ! மலையில ஆள்கிற மக்கள்னு அவங்க சொல்லிக்குவாங்க.

பெரியார் அருவியில செம கூட்டம். அருவியில குளிச்சவங்களைவிட அருவிக்கு முதுகைக் காட்டி நின்னவங்கதான் ஜாஸ்தி. நண்பன் கெத்தா டி.எஸ்.எல்.ஆரை எடுத்தான். உடனே நாலு பேர் வந்து ‘‘பிரதர், எங்களை ஒண்ணு எடுத்து வாட்ஸ்அப் பண்ணிடுங்க’’ன்னாங்க. ‘கார்டை கம்ப்யூட்டர்ல போட்டுதான்...’னு இவன் இழுக்கிறதுக்குள்ள, ‘‘அட போங்க பிரதர்’’னு போனை நீட்டிட்டாங்க. ஸ்கோர், போன் 1 டி.எஸ்.எல்.ஆர். 0.

வெள்ளிமலை தாண்டி ஒரு கிளை ரோட்டுல போறப்ப தூறல் பிடிச்சுடுச்சு. நண்பன் பதறிப்போய் கேமராவை பாலிதீன் கவர்ல சுத்தி, அதை டவல்ல சுத்தி, அதை பேக்ல போட்டு, பேக்கை மார்போட கட்டிக்கிட்டான். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்க மாட்டாங்க. அரை மணி நேரம் மேகம் பள்ளத்தாக்குலேர்ந்து எழும்பி ரோட்டைக் கடந்து போச்சு. எங்க வாழ்க்கையிலயே பார்த்த சூப்பர் காட்சி அது. அதை எடுத்தது என் 12,000 ரூபாய் போன். பயந்துக்கிட்டே வெச்சிருக்கிற கேமரா, கேமராவே இல்ல, லக்கேஜ். போன் 2.

தூறல் மழையாச்சு. ஒரு வீட்டுத் திண்ணையில ஒதுங்கினோம். உள்ளேர்ந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தாங்க.

‘‘எங்கேர்ந்துப்பா வர்றீங்க?’’

‘‘கள்ளக்குறிச்சி, பாட்டி.’’

‘‘படம் புடிக்கிற ஆளுங்களா?’’ நண்பன் மார்ல இருக்கிற மூட்டையைக் காட்டிக் கேட்டாங்க. ஆமான்னோம். ‘‘அப்ப என்னைய ஒண்ணு எடு’’ன்னுட்டு உள்ளே போயிட்டாங்க.

பத்து நிமிஷம் ஆளையே காணோம். வந்தப்போ வேற புடவை. தலையை எண்ணெய் வெச்சு வாரி, நெத்தியில திருநீறு. ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து வாசப்படியில போட்டாங்க. அதுக்குள்ள திண்ணையில ஏறின ஆட்டுக்குட்டி நண்பனோட டவலை மெல்ல ஆரம்பிக்க, அவன் கத்த, பாட்டி பொக்கை வாயைத் திறந்து சிரிக்க... டக்குனு போன்ல எடுத்துட்டேன். நிஜமா சொல்றேன், அட்டைப் படத்துக்கே போடலாம், அப்படி ஒரு சிரிப்பு! அப்புறம் பாட்டி சேர்ல உட்கார்ந்தாங்க. ரெண்டு கையையும் முட்டி மேல வெச்சு, முதுகை நிமிர்த்தி, நேரா லென்ஸைப் பார்த்து. சிரிப்பு சுத்தமா இல்ல. நண்பன் டி.எஸ்.எல்.ஆர்.ல எடுத்தான்.

ரெண்டையும் காட்டினோம். எதைச் சொல்லுவாங்கன்னு எனக்கு சந்தேகமே இல்ல. போனைப் பார்த்துட்டு, ‘‘இது என்ன, பல்லு இல்லாதது தெரியுது, அழிச்சுடு’’ன்னாங்க. கேமராவைப் பார்த்து, ‘‘இதான் நானு’’ன்னாங்க.

‘‘இதுல ஏன் பாட்டி முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?’’

‘‘முறைக்கலடா. உக்காந்திருக்கேன்.’’

எனக்கு வாயடைச்சுப் போச்சு. நாம இயல்பா இருக்கணும், கேண்டிடா இருக்கணும்னு கிளாஸ் எடுப்போம். நம்மகிட்ட ஒரு நாளைக்கு நாப்பது படம் எடுத்துக்க வசதி இருக்கு, அதனால சிரிச்சு, நாக்கை நீட்டி, கண்ணடிச்சு எல்லாம் விளையாடலாம். வாழ்நாளுக்கு ஒரே ஒரு படம்னா எப்படி உட்காருவோம்? பாட்டி மாதிரிதான்.

‘‘இதுக்கு முன்னாடி படமே எடுத்ததில்லையா பாட்டி?’’ன்னு நண்பன் கேட்டான். அதுக்குத்தான் கிடைச்சுது பதில். ‘‘ஏன் எடுக்கல? ஆதார்ல எடுத்தாங்க. அருவிக்குப் போறவங்க எடுக்குறாங்க. நூறு நாள் வேலைக்குப் போனப்போ காலையில ஒண்ணு, மத்தியானத்துக்கு மேல ஒண்ணு, தினம் ரெண்டு தடவ நிக்க வெச்சு செல்லுல எடுத்தாங்க. ஒருத்தரும் ஒரு காப்பி குடுக்கல.’’

2023 ஜனவரியிலேர்ந்து நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவை போன் ஆப்ல போட்டோவோட ஏத்தணும்னு எல்லா இடத்துலயும் கட்டாயம் ஆச்சுல்ல, அதைத்தான் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 50 நாள் வேலைக்குப் போயிருந்தாலே 100 படம். நம்ம காலேஜ் இன்ஸ்டா பிரபலங்களுக்கு ஈக்வலா எடுக்கப்பட்ட ஆள் அந்தப் பாட்டி. எல்லாம் எங்கேயோ ஒரு சர்வர்ல இருக்கு. வீட்டுச் சுவர்ல ஒரு காலண்டர், தாத்தாவோட பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு, அவ்வளவுதான்.

‘‘நாங்க கொண்டாந்து குடுக்குறோம் பாட்டி’’ன்னேன். ‘‘போன தடவ வந்த புள்ளைங்களும் இதையேதான் சொல்லுச்சுங்க’’ன்னுட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. கோபமாகூட சொல்லலை. அதான் குத்துச்சு.

திரும்பி வர்றப்போ ஸ்கோர் போடுறதை விட்டுட்டோம்.

ஸ்டூடியோ அண்ணன்கிட்ட பாட்டி படத்தைக் காட்டினதும், ‘‘அட, யாருப்பா எடுத்தது? ரொம்ப நாளாச்சு இப்படி உக்காந்து பார்த்து’’ன்னு ரசிச்சார். அவர் சொன்ன ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். வீட்ல பெரியவங்க தவறிட்டா, மாலை போட மாட்டுற படத்துக்கு அவர்கிட்டதான் வருவாங்க. முன்னாடியெல்லாம் கல்யாண ஆல்பத்துலேர்ந்து எடுப்பாராம். இப்போ போன்லேர்ந்து. ‘‘ஆயிரக்கணக்குல படம் இருக்கும். தேடினா, அந்த அம்மா பின்னாடி நின்னு தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பாங்க, இல்ல பாதி மூஞ்சி வெட்டியிருக்கும். கடைசியில ஆதார் கார்டு போட்டோவைக் கொண்டாந்து குடுப்பாங்க. அதை நான் டச்சிங் பண்ணி, கண்ணைத் திறந்து விட்டு...’’ மேல சொல்லாம பொரியை வாயில போட்டுக்கிட்டார். எங்க ஆயா படம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதுவும் ஆதார்தான்.

பெரிய ஆளுங்க எல்லாம் என்ன வெச்சிருந்தாங்கன்னும் தேடிப் படிச்சேன். மா.கிருஷ்ணன்னு ஒருத்தர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதின அ.மாதவையாவோட கடைசிப் பையன். 1912ல பிறந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில எடுத்தே பேர் வாங்கினவர். அவரோட கேமரா எந்தக் கடையிலயும் கிடைக்காது. இங்கே ஒரு பாடி, அங்கே ஒரு லென்ஸ்னு உதிரி பாகங்களைச் சேர்த்து அவரே கட்டினது, ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேர் வேற வெச்சிருந்தார். 1950லேர்ந்து 1996ல சாகிற வரைக்கும் ஒரே இங்கிலீஷ் பத்திரிகையில இயற்கையைப் பத்தி பத்தி எழுதினார். (நான் மூணு மாசமா எழுதுறேன், அதுக்கே நாக்கு தள்ளுது.) இன்னொருத்தர் பிரான்ஸ் நாட்டு கார்த்தியே பிரஸ்ஸோன். நமக்குப் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலைக்கு வந்தவர்தான். 1950 ஏப்ரல்ல ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல ஆசிரமத்துல இருந்து படம் எடுத்தார். கையில ஒரு சின்ன லைக்கா, பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ். பளபளன்னு தெரியக் கூடாதுன்னு கேமரா மேல கறுப்பு டேப் வேற ஒட்டி வெச்சுக்குவார். கவனிச்சீங்களா? ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு மாடல் மாத்தினவங்க இல்ல. இருட்டுல தடவினாலும் எந்தப் பட்டன் எங்கேன்னு கைக்குத் தெரியற கேமராவைத்தான் நம்பியிருக்காங்க.

அப்படிப் பார்த்தா நமக்குக் கைக்குத் தெரிஞ்சது போன்தான். ஆனா, போனை கேமராவா மதிச்சு எடுக்கிறோமாங்கறதுதான் பிரச்னை. ஸ்டூடியோ அண்ணன் எனக்கு எடுத்த கிளாஸை இலவசமா உங்களுக்கும் தர்றேன். போனோட மெயின் லென்ஸ் அகலமா பார்க்கிற ஜாதி. கிட்டப் போய் முகத்தை எடுத்தா மூக்கு பெருத்துக் காது ஓடிடும். ரெண்டடி பின்னாடி போய், ‘2 எக்ஸ்’ போட்டு எடுங்க, கார்த்தியே பிரஸ்ஸோனோட 50 கிட்ட வந்துடும். உச்சி வெயில்ல நிக்க வைக்காம வாசப்படி நிழல்ல உட்கார வைங்க, முகம் வெளிச்சத்தைப் பார்க்கணும். பின்னாடி மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோடு பெரியவங்களுக்கு வேண்டாம், தலைமுடியைக் கடிச்சுத் துப்பிடும். எல்லாத்துக்கும் முன்னாடி, சட்டை நுனியால லென்ஸைத் துடைங்க. சந்தனம் இருக்கப் போகுது!

பாட்டி படத்தை 12க்கு 8 ஒண்ணு ஃப்ரேமோட, ஆறுக்கு நாலுல ரெண்டு காப்பி போட்டுக்கிட்டோம். அழிக்கச் சொன்ன சிரிப்புப் படத்தையும் ஒண்ணு, திருட்டுத்தனமா. அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு வெள்ளிமலை, அங்கேர்ந்து ஒரு டெம்போ, அப்புறம் நடை. டி.எஸ்.எல்.ஆர். சொந்தக்காரன்கிட்ட போயாச்சு, அதனால கையில போன் மட்டும்தான்.

பாட்டி எங்களைப் பார்த்ததும் முதல்ல அடையாளமே தெரியலை. ஃப்ரேமைக் கையில குடுத்ததும் முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க. துடைச்சதையே திரும்பத் துடைச்சாங்க. ‘‘பரவால்லயே, வந்துட்டீங்களே’’ன்னாங்க. தாத்தா படத்துக்குப் பக்கத்துல ஆணி இல்ல, நண்பன்தான் அடிச்சான். சிரிப்புப் படத்தைப் பார்த்து, ‘‘அழிக்கச் சொன்னேனே!’’ன்னு முறைச்சாங்க (இது நிஜ முறைப்பு). ஆனா, திருப்பித் தரலை. மடிச்சு இடுப்புல சொருகப் போனதை ‘‘பாட்டி, மடிக்காதீங்க!’’ன்னு தடுத்து, அரிசி டப்பாவுக்குள்ள வைக்க வெச்சோம்.

அரை மணி நேரத்துல விஷயம் பரவிடுச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னார். அப்புறம் ஒரு அக்கா, கைக்குழந்தையோட. அப்புறம் ஒரு தாத்தா பாட்டி ஜோடி, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு கேட்டா ரெண்டு பேரும் வேற வேற நம்பர் சொல்றாங்க. அதே பிளாஸ்டிக் சேர், அதே வாசப்படி. எல்லாரும் கையை முட்டி மேல வெச்சு, நேரா உட்கார்ந்தாங்க. யாரையும் சிரிங்கன்னு நான் சொல்லலை. ரெண்டடி பின்னாடி போய், 2 எக்ஸ் போட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். சிரிப்புப் படத்தை ஒளிச்சு வெச்ச பாட்டிதான் சேர் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘‘ஆடாம உக்காரு’’ன்னு எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருந்தாங்க.

மொத்தம் 14 பேர். காப்பி 20 ரூபாய்னு வெச்சாலும் 280. ஜோடி மட்டும் ஃப்ரேம் வேணும்னு கேட்டிருக்காங்க, அது தனி. பேர், வீடு அடையாளம் எல்லாம் என் நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிட்டு வந்தேன். எம்-4 பார்முலாவுக்குக் கீழே.

நண்பன் இன்னும் கேமரா வாங்கலை. ஸ்டூடியோ அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் பாடி பார்த்து வெச்சிருக்கார், தீபாவளி கழிச்சுப் போய்ப் பார்க்கணுமாம். 35,000லேர்ந்து 500 ரூபாய் எடுத்து பிரிண்டுக்குக் குடுத்தான். பஸ் டிக்கெட்டுக்கு என்னைக் கேட்கிறான். என் ஸ்டைபண்ட் இன்னும் வரலை, எடிட்டர் சார் இதைப் படிப்பார்னு நம்பறேன்!